பாரிஸ் நேரத்தில் ஓடிய பந்தல் கடை

"அந்தக் கம்ப்யூட்டரப் பத்து நிமிஷம் ஆஃப் பண்ணணும், முதலாளி."

முத்தமிழ் இதைச் சொன்னது திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. கடை முதலாளி காஜா நஜ்முதீன் டீயைச் சாஸரில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோன நேரம் அது. சாஸர் பாதி வழியில் நின்றது. கவுன்ட்டரில் போன் பேசிக்கொண்டிருந்த சித்திக்கா, "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனைப் பொத்துவதற்குப் பதிலாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்பக்கக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பிள்ளையின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்து, உருண்டு, சுழன்று, அடங்குவதற்கு அரை நிமிடம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சித்திக்கா முத்தமிழைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இங்க பாரு புள்ள. சம்பளத்தக் கூட்டிக் கேளு, லீவு கேளு, பெருநாளைக்கு ரெண்டு பொட்டலம் பிரியாணி கேளு. மூஞ்சியச் சுளிப்பாரு, அப்புறம் குடுத்துருவாரு. அந்த மெசின ஆஃப் பண்ணணும்னு மட்டும் வாயத் தொறக்காத. உனக்கு முன்னாடி இருந்தவன் அதக் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனான்."

பதினான்கு மாதம் முத்தமிழ் வாயைத் திறக்கவில்லை. அவள் குணத்துக்கு அது பெரிய சாதனை.

காரைக்காலில் தலத்தெரு போகிற ரோட்டில் இருக்கிறது அந்தக் கடை. பந்தல், நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு. ஆனால் ஊருக்குள் பேர் வாங்கிக் கொடுத்தது சஹன். சஹன் என்றால் அகலமான பெரிய தட்டு. கல்யாண வீட்டில் அதில் சோற்றைக் குவித்து, கறியைப் பரப்பி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். காரைக்காலில் ஒரு நிக்காஹ் நடந்தால் மணப்பெண் வருவதற்கு முன் நஜ்முதீன் கடைச் சஹன் வந்திருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு ஷார்ஜாவில் இருக்கிற அண்ணன் போனில் கடையின் ஆப்பிலேயே சஹன் புக் பண்ணுவான். பாரிஸில் குடியேறிவிட்ட குடும்பம் அங்கிருந்தே அண்டாவையும் பந்தலையும் புக் பண்ணும். அந்த ஆப் முழுக்க ஓடியது கடையின் உள்ளறையில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில்.

நஜ்முதீனின் மனைவிக்குத் தம்பி, முகம்மது இப்ராஹிம், மூன்று வருடத்துக்கு முன்னால் பாரிஸிலிருந்து அதை விமானத்தில் கொண்டுவந்தார். ரெண்டு கம்பளிக்கு நடுவே சுற்றி, பக்கத்தில் சென்ட் பாட்டில்களை வைத்து. உள்ளறையில் வைத்தார், இணைப்பைக் கொடுத்தார், திரையில் எதையோ ஒருமுறை அமுக்கினார், ஆப் ஓட ஆரம்பித்தது. "மச்சான், திரையில தொறந்திருக்குற இந்த ஜன்னல மூடிராதீங்க. இந்தச் சிவப்புச் சதுரத்த அமுக்கிராதீங்க. மத்தபடி ஓடும்" என்று சொல்லிவிட்டுப் பாரிஸுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அணையவில்லை. புயல் மழையில் காரைக்காலே இருண்டு கிடந்த மூன்று நாளும் கல்யாணத்துக்கு வாடகை விடுகிற பெரிய ஜெனரேட்டர் அதற்கு மட்டும் ஓடியது. நஜ்முதீன் வீட்டில் மெழுகுவர்த்தி. சிவப்புச் சதுரத்தின்மேல், திரைக் கண்ணாடியிலேயே, யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சின்னப்பிள்ளை காவல். ஆயுத பூஜை அன்று சின்னப்பிள்ளை வண்டிகளுக்குப் பொட்டு வைக்கப் போனால் சித்திக்கா காவல். திரையில் வருவதெல்லாம் பிரெஞ்சு. தினமும் காலையில் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டு ஒரு பெட்டி எழும்பும், கீழே இரண்டு பட்டன். ஒன்று 'வுய்', அதாவது ஆமாம்; இன்னொன்று 'நோன்', அதாவது வேண்டாம். 'நோன்' மட்டும்தான் அமுக்கவேண்டும் என்பது கடையின் சட்டம். மூன்று வருடமாக அந்தக் கம்ப்யூட்டர் தினமும் எதையோ கெஞ்சிக் கேட்க, இவர்கள் தினமும் முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

முத்தமிழ் பூவத்துக்காரி. ரெண்டு மா நிலமும் ஒரு மாடும் உள்ள வீட்டில், காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். 'மென்பொருள் பொறியாளர்' என்று போட்டு நஜ்முதீன் கொடுத்த வேலைக் கடிதத்தை அவள் அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். "எம் பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குது" என்று பூவம் முழுக்கச் சொல்லியிருந்தார். அதில் பொய் எதுவும் கிடையாது. அவள் ஏசி ரூமில் உட்கார்ந்தாள். வேலை அவ்வளவுதான். யாரும் ஜன்னலை மூடாமல் பார்த்துக்கொள்வது.

முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் பிறகு போகவே இல்லை. திரையில் திறந்திருந்தது எக்லிப்ஸ். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதவும் சோதிக்கவும் வைத்திருக்கும் கருவி. அதற்குள்ளேயே ஒரு பச்சை அம்புக்குறி இருக்கும். அமுக்கினால் டாம்கேட் என்கிற சர்வரை எழுப்பி, எழுதியது சரியாக ஓடுகிறதா என்று காட்டும். சோதித்து முடித்ததும் ஆப்பை ஒரே கட்டாகக் கட்டி எடுத்து, தனியாக நிறுவிய சர்வரில் போடவேண்டும். அந்தச் சர்வர் கம்ப்யூட்டர் எழும்போது தானாக எழும், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம். இப்ராஹிம் பச்சை அம்பை அமுக்கியதோடு விமானம் ஏறிவிட்டார். ருசி பார்க்கிற கரண்டியிலேயே நானூறு பேருக்குப் பந்தி நடத்தின மாதிரி மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

இதை இத்தனை நாளும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் புதுச்சேரிக் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ எடுத்தது. கேள்வி கேட்ட அம்மாள் நல்ல மாதிரி. கடைசியில் கேட்டாள்: "பதினாலு மாசத்துல நீங்களே உங்க கையால ஓடவிட்டது எது?"

"ஒரு ஜன்னலப் பாத்துக்கறேன் மேடம்" என்றாள் முத்தமிழ்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "வியாழக்கிழமை நேர்ல வாங்க. அதுக்குள்ள ஒரு சர்வராவது நீங்களே போட்டு, ஓடுறத எங்களுக்குக் காட்டுங்க. படிச்சத யாரு வேணா சொல்லலாம்."

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை வாயைத் திறந்தாள்.

நஜ்முதீன் சாஸரைக் கீழே வைத்தார். "என்னம்மா சொன்னே?"

"ஆஃப் பண்ணணும்னேன்."

"உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. அந்தச் சர்வர் இருக்கவேண்டிய எடத்துல இல்ல. தனியா போட்டு வச்சிட்டேன். பழசு எடத்த விட்டு எந்திரிச்சாத்தான் புதுசு அதே எடத்துல உக்கார முடியும். பத்து நிமிஷம்."

"போட்டு வச்சிட்டியா?" நஜ்முதீன் குரல் உயர்ந்தது. "யாரக் கேட்டுப் போட்டே? 'வுய்' அமுக்கினியா?"

"மூணு தடவ அமுக்கினேன்."

கிடங்கு வாசலில் வந்து நின்ற சின்னப்பிள்ளை தலையில் கைவைத்தார். "அய்யய்யோ பாப்பா!"

"ஒண்ணும் ஆகலண்ணே. உள்ள போய்ப் பாருங்க, அப்படியேதான் இருக்கு."

"இப்ராஹிம் செஞ்சு குடுத்ததும்மா அது," என்றார் நஜ்முதீன். "பிரான்ஸ்ல இருக்குறவன். நீ பூவத்துலேர்ந்து பஸ்ல வர்றவ."

"பஸ்ல வந்தா சர்வர் ஓடாதா? வியாழக்கிழமை நான் வரமாட்டேன் முதலாளி. இன்டர்வியூ இருக்கு. அன்னிக்கு அந்த நாற்காலில யாரு உக்காருவா?"

சித்திக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வேலைக்குப் போகிறேன் என்று முதலாளி முகத்தைப் பார்த்து யாரும் சொன்னதில்லை; சொல்லாமல் நின்றுகொள்வதுதான் காரைக்கால் மரியாதை.

நஜ்முதீன் இப்ராஹிமுக்கு வீடியோ கால் போட்டார். பாரிஸில் அப்போது காலை ஏழு மணி. தலையில் போர்வையோடு ஒரு முகம் வந்தது.

"மாப்புள, இந்தப் புள்ள ஒன் மெசின ஆஃப் பண்ணணுங்குது. நீயே சொல்லு இதுக்கு."

"ஏன் மச்சான், இன்னுமா அது ஓடுது?" என்றார் இப்ராஹிம்.

முத்தமிழ் போனை வாங்கினாள். "சார், நீங்க அத எக்லிப்ஸ்லேர்ந்தே ஓடவிட்டுட்டுப் போயிருக்கீங்க. ஏன் தனியா போடல?"

இப்ராஹிம் தலையிலிருந்த போர்வையை இறக்கினார். "உண்மையச் சொல்லவாம்மா? நான் சாயங்கால வகுப்புல படிச்சேன். அதுல ஏழாவது பாடம் வரைக்கும்தான் போனேன். சர்வரத் தனியா போடுறது எட்டாவது பாடம். அதுக்குள்ள டிக்கெட் போட்டுட்டேன்."

"இத மூணு வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருக்கலாமே சார்."

"மச்சான் எல்லார்கிட்டயும் என்னப் பெரிய இன்ஜினியர்னு சொல்லிட்டாரும்மா. எப்புடிச் சொல்றது? நீ உனக்குத் தெரிஞ்சதச் செய்யி. மச்சான், புள்ள சொல்றதக் கேளுங்க. நான் தூங்குறேன்."

அப்புறம் நஜ்முதீனால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் மதியத் தொழுகை முடியட்டும் என்றார். தொழுதுவிட்டு வந்து துஆ ஓதினார். சின்னப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வைத்தார். நஜ்முதீன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். உள்ளறையில் நான்கு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

முத்தமிழ் பிளாஸ்திரியை உரித்தாள். மூன்று வருட அழுக்கோடு அது வந்தது. சிவப்புச் சதுரத்தை அமுக்கினாள்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் தணிந்தது. சித்திக்கா, "இன்னாலில்லாஹி..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, யாரும் சாகல" என்றாள் முத்தமிழ்.

புதுச் சர்வரை எழுப்பினாள். எழவில்லை. நஜ்முதீனின் மூச்சு அவள் பிடரியில் பட்டது. வெளியே கவுன்ட்டர் போன் அடித்தது, சித்திக்கா ஓடினாள். குவைத்திலிருந்து யாரோ. "ஆப் தொறக்கலையா? பத்து நிமிஷம் பொறுங்க நானா. உள்ள பிரசவம் நடக்குது."

பழைய சர்வர் நின்றதாகக் காட்டிவிட்டு உள்ளுக்குள் இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்திருப்பானா? முத்தமிழ் ஓடுகிற வேலைகளின் பட்டியலைத் திறந்து, அதைத் தேடிப் பிடித்து முடித்து வைத்தாள். கம்ப்யூட்டரின் கடிகாரம் இன்னும் பாரிஸ் நேரத்தில் இருந்தது. அதை இந்திய நேரத்துக்கு மாற்றினாள். மறுபடி எழுப்பினாள். இந்தத் தடவை எழுந்தது.

"அக்கா, ஒங்க போன்ல பாருங்க."

"வந்துருச்சு! ஏ, வந்துருச்சு புள்ள!"

முத்தமிழ் எக்லிப்ஸ் ஜன்னலை மூடினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதற்குப் பின்னால் இருந்தது தெரிந்தது: ஐஃபில் கோபுரத்துக்கு முன்னால் இப்ராஹிம், தோளில் அவர் மகன், பல்லில்லாத கைக்குழந்தை. "அட, நம்ம ரிஸ்வான்!" என்று நஜ்முதீன் கண் கலங்கினார். "இப்ப பள்ளிக்கூடம் போறான்." எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முத்தமிழ் கம்ப்யூட்டரையே ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு எழுப்பினாள். திரை கறுத்ததும் நஜ்முதீன் சின்னப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு நிமிடத்தில் சர்வர் தானாக எழுந்து ஓடியது.

ஓடியது பத்து நிமிடத்தில் இல்லை, பதினெட்டு நிமிடத்தில். அன்று மாலை பூவம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன் போனில் அந்த ஆப்பை நாலு தடவை திறந்து திறந்து பார்த்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வரவில்லை. அது என்னவோ மாதிரி இருந்தது.

இனி சின்னப்பிள்ளை விஷயம்.

அந்தக் கம்ப்யூட்டர் பாரிஸ் நேரத்தில் ஓடியதால் ஒரு கோளாறு இருந்தது. காரைக்காலில் ஒருவர் புதன்கிழமை என்று புக் பண்ணினால், புதன் பிறக்கும் நடுராத்திரி என்று அது எடுத்துக்கொள்ளும். காரைக்காலில் புதன் பிறக்கும்போது பாரிஸில் இன்னும் செவ்வாய். ஆகவே தினமும் கிடங்குக்கு வரும் பட்டியலில் செவ்வாய் என்று அச்சாகும். வளைகுடாவிலிருந்து வந்த புக்கிங்கும் அப்படியே. பாரிஸிலிருந்து வந்தது மட்டும் சரியான தேதியில் வரும். இது ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சின்னப்பிள்ளைக்கு மருந்து தெரியும். உள்ளூர், வளைகுடா என்றால் ஒரு நாள் கூட்டு. பிரான்ஸ் என்றால் கூட்டாதே. தன் நோட்டில் கூட்டுவதைச் சிவப்பிலும் கூட்டாததைப் பச்சையிலும் எழுதுவார். மூன்று வருடத்தில் ஒரு சஹன்கூட நாள் தப்பிப் போனதில்லை. கோளாறே தெரியாத அளவுக்குச் சரிசெய்துவிட்டார். அதற்குப் பெயரும் வைத்திருந்தார்: பாரிஸ் கணக்கு.

திங்கள் சாயங்காலமே முத்தமிழ் அவரிடம் சொன்னாள். "அண்ணே, நேரத்த மாத்திட்டேன். இனிமே ஒண்ணு கூட்டாதீங்க. பட்டியல்ல இருக்குறதுதான் தேதி."

"உள்ளூருக்கும் கூட்ட வேணாமா?"

"வேணாம்."

"ஷார்ஜாவுக்கு?"

"எதுக்கும் வேணாம்ண்ணே."

"அப்ப நோட்டு?" என்று கேட்டார் சின்னப்பிள்ளை. வேலை போய்விட்ட மனிதனின் முகம் அது.

"நோட்டுல வேற எதயாச்சும் எழுதுங்க" என்றாள். அவளுக்கு நயமாகப் பேச வராது.

செவ்வாய்க்கிழமை அமைதியாகப் போனது. புதன்கிழமை காலை பதினொன்றரைக்குக் கவுன்ட்டர் போன் அடித்தது. தருமபுரத்திலிருந்து ஜன்னத். ஷார்ஜாவிலிருக்கிற அஸ்கர் தன் தங்கச்சி நிக்காஹுக்கு நூறு சஹன் புக் பண்ணியிருந்தான்; ஜன்னத் அவனுடைய உம்மா.

"ஏம்மா சித்திக்கா, பிரியாணி தம் ஒடைக்கப் போறாங்க. சஹன் எங்க?"

சித்திக்கா சின்னப்பிள்ளையின் நோட்டைப் பார்த்தாள். "உம்மா, ஒங்க வீட்டு நிக்காஹ் நாளைக்குத்தானே?"

"நாளைக்கா? மாப்புள மாலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு வரைக்கும் அப்புடியே இருங்கன்னு சொல்லவா?"

போன் சத்தம் உள்ளறைவரை கேட்டது. முத்தமிழ் வெளியே வந்து கிடங்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். புதன் என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் சின்னப்பிள்ளை கையெழுத்தில், சிவப்பு மையில், வியாழன்.

கேட்க நேரமில்லை. சின்னப்பிள்ளை குட்டியானை வண்டியைக் கிடங்கு வாசலுக்குப் பின்னோக்கி எடுத்தார். முத்தமிழ் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பத்துப் பத்தாகச் சஹனைத் தூக்கிக் கொடுத்தாள். இருவரும் தருமபுரம் போய்ச் சேர்வதற்குள் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. பெண்வீட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் பக்கத்துக் கடையில் வாழை இலை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஓர் இலை. வரிசையாக, ஆளை ஆள் தொடாமல்.

மாப்பிள்ளையின் பெரிய வாப்பா இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னங்க இது, ஆளுக்கொரு இலை? நாங்க என்ன கோவிச்சுக்கிட்டா சாப்புட வந்திருக்கோம்? சம்பந்தம் பண்ண வந்தவங்களத் தனித்தனியா பிரிச்சு உக்கார வச்சா என்ன அர்த்தம்?"

ஜன்னத் அழாத குறை. சஹன் இறங்கியது. சின்னப்பிள்ளை அந்தப் பெரியவர் முன்னால் இருந்த இலையை மரியாதையாக எடுத்துவிட்டுச் சஹனை வைத்தார். நாலு பேர் நெருங்கி உட்கார்ந்தார்கள். "இது சோறு" என்றார் பெரியவர். ஜன்னத் முத்தமிழைப் பார்த்த பார்வையில் மட்டும் சமாதானம் இல்லை.

கடைக்குத் திரும்பும்போது மணி மூன்றரை. நஜ்முதீன் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்து திட்டுவது போதாது என்று அர்த்தம்.

"பாத்தியா? பாத்தியா நீ செஞ்சத? முப்பது வருஷத்துல எங் கடைச் சஹன் ஒரு பந்திய விட்டதில்ல. அஸ்கர் ஷார்ஜாவுலேர்ந்து கூப்புட்டு என்ன கேட்டான் தெரியுமா? 'கடைய வித்துட்டீங்களா மாமா'ன்னு கேக்குறான்."

முத்தமிழ் பட்டியலை மேசைமேல் வைத்தாள். "புதன்னு போட்டிருக்கு. இதுல எங்க தப்பு?"

"அப்ப எப்புடி வியாழன் ஆச்சு?"

"அண்ணன் கூட்டியிருக்காரு." அவள் சின்னப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நான் ஒங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்னிச்சு," என்றார் சின்னப்பிள்ளை.

"அப்புறம் ஏண்ணே கூட்டுனீங்க?"

சின்னப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் முப்பது வருட விசுவாசத்தை ஓரமாக வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். "மொதலாளிதான் நேத்து கூப்புட்டு, 'அந்தப் புள்ள பேச்சக் கேட்டு சஹன அனுப்பாதீங்க. அது எதயாவது கெடுத்து வச்சிருக்கும். எப்பயும் போலக் கூட்டியே அனுப்புங்க'ன்னாரு. நான் கூட்டிட்டேன்."

சித்திக்கா ரசீதுப் புத்தகத்தை அவசரமாகப் புரட்ட ஆரம்பித்தாள்.

"ஆமா, சொன்னேன்," என்றார் நஜ்முதீன். குரல் கொஞ்சம் இறங்கி, உடனே ஏறியது. "சொன்னா என்ன? மூணு வருஷமா தப்பா இருந்துச்சு, எல்லாம் சரியா நடந்துச்சு. நீ சரி பண்ணினே, எல்லாம் தப்பாப் போச்சு. இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"என்ன தெரியுது?"

"சரி பண்ணக் கூடாதுன்னு தெரியுது!"

முத்தமிழுக்கு வாய்வரை வந்த வார்த்தைகள் நிறைய. அதில் பாதி பூவம் களத்து மேட்டில் மட்டும் பேசக்கூடியவை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்த மனிதர் பொல்லாதவர் இல்லை. பெருநாளைக்கு ரெண்டு பொட்டலம் கேட்டால் மூன்று கொடுப்பவர். ஆனால் அவள் கையால் ஒன்று சரியாக நடக்கும் என்று மட்டும் இவரால் நம்பவே முடியாது. கண்ணெதிரே பதினெட்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மறுநாளே போய் ஒரு நாள் கூட்டச் சொன்னவர். அவள் இன்னும் பதினாலு வருடம் இங்கே இருந்தாலும் அவள் சொல்லும் எல்லாவற்றிலும் யாரையாவது கூப்பிட்டு ஒன்று கூட்டச் சொல்வார்.

அந்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். மிச்சம் எல்லாம் வெறும் பேச்சு.

நஜ்முதீன் பேசிக்கொண்டிருந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. நீ என்ன பண்றே, அந்த நேரத்தப் பழையபடி பாரிசுக்கே மாத்திரு. அந்த ஜன்னலத் தொறந்து அதுலயே ஓடவிடு. சின்னப்பிள்ளை எப்பயும் போலக் கூட்டட்டும். நீயும் எப்பயும் போல உக்காரு. நாளைக்கு லீவு வேணுமா, எடுத்துக்க. ஆனா மத்தியானத்துக்குள்ள வந்துரு. வேணும்னா சர்வர நீதான் போட்டேன்னு கம்பெனி லெட்டர்ல எழுதித் தர்றேன். பொய் இல்லையே, ரெண்டு நாள் ஓடுச்சுல்ல?"

"மாத்த மாட்டேன் முதலாளி."

"ஏன்?"

"ஓடுது. ஓடுறத எதுக்கு ஒடைக்கணும்?"

"நான் முதலாளி சொல்றேன்!"

"நீங்க சொல்லுங்க. இப்ராஹிம் சார்கிட்ட சொல்லுங்க, அவரு மாத்தட்டும்."

நஜ்முதீன் ஆவேசமாகப் போனை எடுத்து இப்ராஹிமைக் கூப்பிட்டார். நாலு ரிங்கில் கட்டாகி, ஒரு குறுஞ்செய்தி வந்தது. சித்திக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள்: "மச்சான், மீட்டிங்ல இருக்கேன்."

"பாத்தியா? எவ்வளவு பெரிய ஆளு, எப்பவும் மீட்டிங்கு" என்றார் நஜ்முதீன், பெருமை விடாமல்.

முத்தமிழ் உள்ளறைக்குப் போனாள். சாப்பாட்டுப் பையை எடுத்தாள். சர்வர் நின்றுபோனால் எங்கே போய் எதை அமுக்கி எழுப்புவது என்று ஒரு முழுத் தாளில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கீபோர்டுக்குக் கீழே செருகினாள். யாரையும் நம்பி எழுதவில்லை, நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் இலை போடக்கூடாது என்பதற்காக எழுதினாள். ஏசியை அணைத்தாள். அந்த அறைக்கு இனி ஏசி தேவையில்லை.

வெளியே வந்ததும் சித்திக்கா மெதுவாகக் கையைப் பிடித்தாள். "நாளைக்கு இன்டர்வியூ முடிஞ்சு வருவேல்ல புள்ள?"

"இல்லக்கா."

"வேலை கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னாலும் இல்ல."

சித்திக்கா கையை விடவில்லை. பிறகு முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதில் விழும்படியே, "நல்லா சொல்லு அங்க. நான் கண்ணால பாத்தேன்னு சொல்லு. என் போன் நம்பரயும் குடு" என்றாள்.

"ஏய், என்ன அங்க ரகசியம்?" என்றார் நஜ்முதீன். "முத்தமிழ், ஒங்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். உக்காரு. மேனேஜர்னு போட்டுத் தர்றேன். கேக்குதா? மேனேஜர்!"

அவள் செருப்பை மாட்டினாள். படியிறங்கி ரோட்டைத் தொட்டாள். பின்னாலேயே சின்னப்பிள்ளை ஒரு புதுப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"பாப்பா, பாப்பா! கோட்டுச்சேரி வளைகாப்பு ஒண்ணு வந்திருக்கு. வெள்ளின்னு போட்டிருக்கு. இது வெள்ளியா, சனியா?"

"என்ன போட்டிருக்குண்ணே?"

"வெள்ளி."

"வெள்ளிதான்," என்றாள் முத்தமிழ், திரும்பிப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துகொண்டே.